அறுபத்தெட்டு வயதுக் கன்னி

வணக்கம் சொல்வதற்கு முன் ஒரு திருத்தம். வணக்கம் காத்திருக்கும், வதந்தி காத்திருக்காது.

"நீலாம்பாள் கான்வென்டில் படித்தவள், சாமி நம்பிக்கை இல்லாதவள், வீட்டுக் கன்னிக்குத் துணி வைக்க மறுக்கிறாள், அவளால்தான் வீரபாகு பேத்தியின் முகூர்த்தப் புடவை தறி ஏறாமல் நிற்கிறது" என்று இந்தத் தெருவின் இரண்டு முனையிலும் பேசுகிறார்கள். தவறு. துணி வைக்க நான் மறுக்கவில்லை. பாவாடை வைக்கமாட்டேன் என்றேன். புடவை வைக்கிறேன் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை, குறைய ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இனி வணக்கம்.

இச்சொல்லரங்கின் தலைமையை ஏற்று, என் பேச்சைக் கேட்டே தீர வேண்டிய இடத்தில் அமர்ந்திருக்கும் என் கொழுந்தனார் வீரபாகு அவர்களே! நூலை நிறமாக்கி, நிறத்தை நினைவாக்கி, நினைவை நெஞ்சில் சுமந்து நிற்கும் நெசவுப் பெரியோர்களே! சரிகைக் கடைகளைச் சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! வாலாஜாபாத்திலிருந்து பேருந்தேறி வந்திருக்கும் உறவினர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்களும், அணைத்தோமா என்று இப்போது யோசிப்பவர்களுமாகிய தாய்மார்களே! கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் உட்காரப் பழகிப்போன என் சகோதரிகளே! உங்கள் எல்லாருக்கும் வணக்கம். கடைசியாகச் சொன்னவர்களுக்கு இன்னொரு முறை வணக்கம்.

மாதம் ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பேச்சு என்பது இந்த அரங்கின் ஏற்பாடு. இந்த மாதச் சொல்லாகக் 'கன்னி' என்பதைத் தேர்ந்தெடுத்து, பேசுவதற்கு என்னையும் தேர்ந்தெடுத்தார்கள். எழுபத்தாறு வயதுக் கைம்பெண்ணுக்கு இந்தச் சொல்லா என்று குழுவில் இரண்டு பேர் சிரித்ததாகவும் கேள்விப்பட்டேன். சிரிக்கட்டும். நான் மேடையேறுவது இதுவே முதல் தடவை. முதன்முதலாகப் பேசும் பேச்சுக்குத் தமிழில் என்ன பெயர்? கன்னிப்பேச்சு! ஆகவே, இன்று எனக்கு இந்தச் சொல்லில் முழு உரிமை உண்டு.

கைத்தட்டல் போதும். நேரம் குறைவு.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வடமொழிக் கன்யாவிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். கன்று என்பதோடு பிறந்த தமிழ்ச்சொல் என்பார் மறு சாரார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. முடித்துவைக்க நானும் வரவில்லை. ஆனால் இரு சாராரும் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்கள். அதன் அடியில் இருக்கும் பொருள் இளமை, புதுமை. அதற்கு மேல் நம் முன்னோர் ஏற்றிய பொருள்களைப் பாருங்கள். பகைவன் காலடி படாத கோட்டைச் சுவரைக் கன்னி மதில் என்றார்கள். அழிவில்லாததைக் கன்னி என்றார்கள். உலகைக் காக்கும் துர்க்கையைக் கன்னி என்றார்கள். வீட்டில் கனமான பொருளைத் தாங்கும் தென்மேற்கு மூலையைக் கன்னி மூலை என்றார்கள். மதிலாய் நின்றது இந்தச் சொல்! மாகாளியாய் நின்றது இந்தச் சொல்! பாரம் தாங்கும் மூலையாய் நின்றது இந்தச் சொல்! இத்தனை வலிமையான சொல்லை நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் தலையில் வைக்கும்போது மட்டும் அது ஏன் இப்படிச் சுருங்கிப்போகிறது?

சபரிமலைக்கு முதல்முறை மாலை போடுபவருக்கும் கன்னிச்சாமி என்றுதான் பெயர். அறுபது வயதானாலும் கன்னிச்சாமிதான். யாரோ பின்னாலிருந்து கூவுகிறார்: "நம்ம வேணுகோபால் கன்னிச்சாமி இங்கதான் குந்திக்கினு இருக்காருமா!" வாழ்க. வேணுகோபால் ஐயா, நீங்கள் தொடர்ந்து மலைக்குப் போனால் என்ன ஆவீர்கள்? குருசாமி ஆவீர்கள். உங்கள் காலில் விழுந்து மற்றவர்கள் இருமுடி கட்டிக்கொள்வார்கள். ஆணுக்கு இந்தச் சொல் வாசற்படி; ஏறி உள்ளே போகலாம். பெண்ணுக்கு மட்டும் அது ஏன் அடைத்த கதவு? அவள் குருசாமி ஆவது எப்போது?

நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில். அங்கே பியானோ சொல்லிக்கொடுத்தவர் சிஸ்டர் பெனடிக்டா. பியானோவுக்கும் முன்னால் இருந்த ஒரு வாத்தியத்தின் படத்தை ஒருநாள் காட்டினார். காலில்லாத மரப்பெட்டி, மேசைமேல் வைத்து வாசிப்பது. பெயர் வர்ஜினல். கன்னிக்குரியது என்று பொருள். "ஏன் அந்தப் பெயர்?" என்று கேட்டோம். இளம்பெண்கள் வாசித்ததால் என்பார்கள் சிலர், குரல் மெல்லியதாக இருந்ததால் என்பார்கள் சிலர், விசையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு கோல் எழும்பித் தந்தியைச் சுண்டும், லத்தீனில் கோலைக் குறிக்கும் சொல்லே பெயராயிற்று என்பார்கள் வேறு சிலர், உறுதியாக யாருக்கும் தெரியாது என்றார். "கிழவிகள் வாசித்தால் என்ன பெயர் சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "முடிசூடிய அரசியும் வாசித்திருக்கிறாள், மூதாட்டியும் வாசித்திருக்கிறாள். பெட்டிக்குப் பெயர் வைத்தவர்கள் வாசித்தவளின் வயதைக் கேட்கவில்லை" என்றார். அவருக்கு அப்போது எழுபது இருக்கும். அவரைக் கன்னியாஸ்திரீ என்றுதான் ஊர் அழைத்தது. பாவாடை கட்டிவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மணமாகாமல் இறந்த பெண் எங்கள் வீடுகளில் கன்னி ஆகிறாள். அடுத்த கல்யாணம் வரும்போது கன்னி மூலையில் விளக்கேற்றி, அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படைக்க வேண்டும். அதன் பிறகே மணப்பெண்ணின் முகூர்த்தப் புடவைக்குத் தறியில் பாவு நூல் ஏறும். துணியை எடுத்து வைக்க வேண்டியவள் வீட்டின் மூத்த மருமகள். அவள் கணவனை இழந்தவளானாலும் அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அவள் கை வேண்டும். அந்தத் துணியைக் கல்யாணத்தன்று வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொண்டு மணமேடையில் நிற்க வேண்டும். கன்னியே வந்து நின்று வாழ்த்துவதாக நம்பிக்கை. நானும் நம்புகிறேன். நம்புவதால்தான் இத்தனை பேச்சு.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கன்னி உண்டு. என் கணவரின் தங்கை. ஏழு வயதில் காய்ச்சலில் போனவள். அவளுக்கு ஒவ்வொரு கல்யாணத்திலும் பாவாடை வைப்போம். குழந்தைக்குப் பாவாடை. அது சரி.

இன்னொரு தங்கை இருந்தாள். கலாவதி. நான் மருமகளாக வந்தபோது இரட்டைச் சடை போட்டுக்கொண்டு தறிமேடையில் உட்கார்ந்திருந்தாள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று புடவை நெய்தால் ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவை வாங்கித் தருவார். கோர்வை என்பார்கள். என் மாமனார் நெய்தார். கலாவதி கோர்வைக்கு உட்கார்ந்தாள். பிறகு என் கணவர் நெய்தார், கலாவதி உட்கார்ந்தாள். பிறகு இதோ, தலைவர் நெய்தார். அப்போதும் கலாவதியே உட்கார்ந்தாள்.

அவளுக்கு வரன் வராமல் இல்லை. வாலாஜாபாத்திலிருந்து ஒரு நல்ல குடும்பம் வந்தது. பையனுக்குக் கலாவதியைப் பிடித்திருந்தது. கலாவதிக்கும் பிடித்திருந்தது, அன்று அவள் நாடாவை இரண்டு தடவை கீழே போட்டாள். மாமனார், "கையில இருக்கற புடவைங்க எறங்கட்டும், கோர்வைக்கு வேற ஆள் பார்த்துக்கினு முடிச்சிடலாம்" என்றார். புடவைகள் இறங்கின, வேறு புடவைகள் ஏறின. முகூர்த்த மாதம் வந்தால் ஆர்டர் அதிகம் என்றார்கள். ஆடி வந்தால் நல்ல காரியம் கூடாது என்றார்கள். ஊரார் வீட்டு முகூர்த்தத்துக்காக எங்கள் வீட்டு முகூர்த்தம் தள்ளிப்போனது! பையனின் தாயார் ஒருநாள் நேரில் வந்தார். காபியைத் தொடவில்லை. "பொண்ணு குடுக்க மனசில்லன்னு சொல்லுங்க, எழுந்து போறேன். தறிக்கு ஆள் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க, காது கூசுது" என்றார். எழுந்து போனார். கலாவதி தறிமேடையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தப் புடவையின் கரையில் ஓர் இழைகூடப் பிசகவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

காஞ்சிபுரத்து மக்களே! அவள் கை வாங்கித் தந்த கரையைக் கட்டிக்கொண்டு எத்தனை மணப்பெண்கள் மணவறை ஏறினார்கள்! எத்தனை மடிகளில் மஞ்சள் அரிசி விழுந்தது! எத்தனை முந்தானைகளில் முடிச்சு விழுந்தது! அவள் எங்கே நின்றாள்?

சொல்கிறேன். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். நம் தெருவில் ஒரு கல்யாணம். "சுமங்கலிங்க அஞ்சு பேரு வாங்கமா" என்று கூப்பிட்டார்கள். அவள் போக முடியாது. "கன்னிப் பொண்ணுங்க வெளக்கு எடுத்துக்கினு வாங்கமா" என்று கூப்பிட்டார்கள். கலாவதி எழுந்தாள். ஒரு பெரியம்மா அவள் தோளைப் பிடித்து, "நீ எங்கடி வர? சின்னப் பொண்ணுங்களோட நின்னா நல்லாவா இருக்குது?" என்று உட்காரவைத்தார். கலாவதிக்கு வாய் அதிகம், சும்மா இருப்பாளா? "நா எந்த வரிசைன்னு சொல்லிட்டா அங்கயே நின்னுக்கினு இருப்பேன் பெரிம்மா. ரேஷன் கடையிலகூட எனக்கு ஒரு வரிசை இருக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். என் கணவர் போனபின் நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து மணமேடை தெரியாது. நாதஸ்வரம் மட்டும் கேட்கும்.

போன ஆவணியில் அவள் மருத்துவமனையில் கிடந்தாள். நானும், சரிகைக் கடை சபியாவும் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தோம். சபியாவும் கலாவதியும் சிறு வயதுத் தோழிகள். கலாவதி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணி, எனக்கும் அந்த ஏழு வயசு பாவாடதான் வெப்பாங்க. எனக்குத் தெரியும்."

"போடி. எழுந்து வந்து வேலையைப் பார்" என்றேன்.

"இல்ல அண்ணி, கேளு. முழுப் பொடவயா வை. மாம்பழக் கலரு, அரக்குக் கரை."

"உனக்கு நான் பட்டே எடுத்துக்கொடுத்ததில்லையா?"

"பட்டு கட்டியிருக்கேன். முகூர்த்தப் பொடவ கட்டல. எத்தினி பொடவ என் கை பட்டுப் போச்சி, ஒண்ணாவது என் ஒடம்பு மேல பட்டுதா?"

சபியா அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "எங்க வூட்ல மௌத்தானா கல்யாணம் ஆனவளுக்கும் ஆவாதவளுக்கும் ஒரே வெள்ளத் துணிதான் கலா. அது நல்லதா கெட்டதான்னு இன்னிக்கித்தான் யோசிக்கிறேன்" என்றார்.

"ஒனக்கு வேல சுலுவு சபியா, கலர் பாக்கவே தேவையில்ல" என்றாள் கலாவதி. மூவரும் சிரித்தோம். பக்கத்துக் கட்டில்காரர் எங்களை முறைத்தார். அந்த வாரமே அவள் போய்விட்டாள். அவளுக்கு வயது அறுபத்தெட்டு. கண்ணில் புரை, முழங்காலில் வலி, தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது.

இப்போது பேத்தி கீர்த்திக்குக் கல்யாணம். கன்னிக்குத் துணி வைக்க வேண்டும். என் கொழுந்தனார் என்னிடம் வந்து சொன்னது இது: "அண்ணி, கன்னின்னா சின்னப் பொண்ணுதான். செத்த வயசு கணக்கு கெடையாது. ரெண்டு பேருக்கும் ரெண்டு பாவாட தெச்சாச்சி. வழக்கத்த நாம மாத்தக் கூடாது."

கேட்டீர்களா பெரியோர்களே? நாற்பது வயதில் கன்னி வரிசையில் நிற்க வந்தவளை, நீ சின்னப் பெண் இல்லை என்று உட்காரவைத்த தெரு இது! அறுபத்தெட்டு வயதில் செத்தவளை, நீ சின்னப் பெண்தான் என்று பாவாடை கட்டிவிடும் தெருவும் இதே தெருதான்! உயிரோடு நின்றபோது அவளுக்கு இல்லாத சொல், உயிர் போனபின் எப்படி வந்தது? வேலை செய்யும்போது முழு ஆளாகக் கணக்கு. வாழ்த்தும்போது மட்டும் குழந்தையாகக் கணக்கா? எந்தக் குழந்தை, தாய்மார்களே, எந்தக் குழந்தை ஒரு குடும்பத்தைத் தறிமேடையில் உட்கார்ந்து ஐம்பது ஆண்டு தாங்கியது?

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். நான் இன்னும் முக்கியமான இடத்துக்கே வரவில்லை.

பாவாடைக்கு உண்மையான காரணம் வேறு. படைத்த துணியை மேடையில் ஒருத்தி உடுத்தி நிற்க வேண்டும் என்றேனே. பாவாடையானால் வீட்டுக் குழந்தை ஒன்று கட்டிக்கொண்டு ஓடி விளையாடும். ஒருவர் கண்ணுக்கும் உறுத்தாது. புடவையானால்? வளர்ந்த பெண் கட்ட வேண்டும். மணமாகாத பெண் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவள் ஒருத்திதான் இருக்கிறாள். தலைவரின் மகள், மணப்பெண்ணின் அத்தை, அகிலா. வயது நாற்பத்திரண்டு. கலாவதி எழுந்துபோன இடத்தில் கோர்வைக்கு உட்கார்ந்திருப்பவள்.

முணுமுணுப்பு கேட்கிறது. அகிலாவைக் கேட்காமல் அவள் பெயரை நான் இங்கே எடுக்கவில்லை. கேட்டேன். "புடவை கட்டிக்கொண்டு நிற்பாயா?" என்றேன். "கட்டிக்கத் தெரியும் பெரிம்மா. கட்டிக்கினு எங்க நிக்கறதுன்னுதான் எனக்கு யாரும் சொன்னதில்ல" என்றாள். "சொல்லட்டுமா மேடையில்?" என்றேன். "சொல்லு. ஆனா அப்பாவ அசிங்கப்படுத்தாத" என்றாள். கொழுந்தனாரே, உங்கள் மகள் உங்களுக்காகக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். நான் என்னால் இயன்றவரை காப்பாற்றுகிறேன்.

நடுவரிசையில் ஓர் அம்மா எழுந்து கேட்கிறார்: "மணமேடைல கல்யாணம் ஆவாதவ நின்னா பொண்ணுக்கு ஆவுமாமா?"

நல்ல கேள்வி. ஒளிக்காமல் கேட்டீர்கள், நன்றி. நீங்கள் கட்டியிருக்கும் புடவை உங்கள் கல்யாணப் புடவைதானே? கோர்வைக் கரை. அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடியுங்கள். அந்தக் கரையின் ஒவ்வோர் இழையும் யாரோ ஒருத்தியின் கைவழியாக வந்தது. அவள் மணமானவளா, ஆகாதவளா, கணவனை இழந்தவளா என்று கேட்டா கட்டினீர்கள்? அவள் விரல் பட்ட பட்டு உங்கள் உடம்பைச் சுற்றியபோது ஆகாதது எதுவும் நடக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். விரல் மங்கலம் என்றால் ஆள் எப்படி அமங்கலம்? உழைத்த கை உகந்தது என்றால் உயிருள்ள முகம் எப்படி ஆகாதது? கரை மேடை ஏறலாம், கரை கோத்தவள் ஏறக்கூடாதா? பதில் சொல்லுங்கள் அம்மா! உட்கார்ந்துவிட்டீர்கள். பரவாயில்லை.

நான் வழக்கத்தை உடைக்க வரவில்லை. கன்னியை வணங்காதே என்று சொல்லவில்லை. வணங்கு, ஆனால் அவளை அவளாக வணங்கு என்கிறேன். ஏழு வயதில் போனவளுக்குப் பாவாடை வை. அறுபத்தெட்டு வயதில் போனவளுக்கு அவள் கேட்ட புடவையை வை. அந்தப் புடவை நெய்தாகிவிட்டது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. கோர்வைக்கு உட்கார்ந்தது அகிலா. என் பீரோவில் இருக்கிறது. நான் ஒருத்தி கடைசிவரை பிடிவாதமாக இருந்தால் கீர்த்தியின் கல்யாணம் தள்ளிப்போகும். ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தறிக்காகத் தள்ளிப்போட்ட வீட்டில் இன்னொரு பெண்ணின் கல்யாணத்தைப் புடவைக்காக நான் தள்ளிப்போட மாட்டேன். இதை எல்லார் முன்னாலும் சொல்கிறேன். நீங்கள் பாவாடைதான் என்று முடிவு செய்தால், வந்து அதை எடுத்து வைப்பேன். என் கையால் வைப்பேன். அழாமல் வைப்பேன். ஆனால் கலாவதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். நீங்கள் அனைவரும் கேட்கும்படி, உங்கள் பெயர்களைச் சொல்லிக் கேட்பேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. கேள்வி கேட்ட தாய்க்கு நன்றி. ஒலிபெருக்கியை இடையில் நிறுத்தாமல் விட்ட தம்பிகளுக்கு நன்றி. தூணுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு என் அன்பு. எல்லாரும் நலமாகப் போய்ச் சேருங்கள்.

தலைவர் அவர்களே, கேள்வி ஒன்றே ஒன்று: கீர்த்தியின் கல்யாணத்தில் அகிலா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு மணமேடையில் நிற்கலாமா, கூடாதா? இப்போதே பதில் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு எனக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கிறேன்.